குழாய் இல்லாத டெல்டா வீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்திற்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, டெல்டா ஊர்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் மாடித் தொட்டிகள் வற்றின; கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த அடிபம்பையும் பரணில் போட்டு வைத்திருந்த கிணற்றுக் கயிற்றையும் மக்கள் தேட வேண்டியதாயிற்று. புயல் காலத்தில் மட்டுமல்ல, தாத்தாவின் ஓட்டு வீட்டில் சில மாதங்கள் தங்க வருபவர்களும், வயல் நடுவே கொட்டகை போட்டுக் குடியிருப்பவர்களும், ஆற்றங்கரையில் கூடாரம் அடிப்பவர்களும் இதே நிலையில்தான் வாழ்கிறார்கள். இவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன. காவிரிப் படுகையில் தண்ணீர் காலுக்கடியிலேயே இருக்கிறது என்பதை வசதியாக மட்டும் பார்க்கிறோம்; கழிவுக்கும் அந்தத் தண்ணீர் அதே அளவு அருகில் இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கழிப்பறைக் குழியைக் கோடையில் அளந்து வெட்டுவதுதான் முதல் தவறு. நாங்களே செய்த தவறும் அதுதான். சித்திரை மாதத்தில் எட்டடி தோண்டியும் ஈரம் தட்டவில்லை என்ற மகிழ்ச்சியில் உறை இறக்கி மூடினோம். ஐப்பசி அடைமழையில் நிலத்தடி நீர் ஏறி, குழி நிரம்பி, ஊற்றிய தண்ணீர் கோப்பையிலேயே நின்றது. அதைவிடக் கவலைக்குரியது, குடிநீர்க் கிணறு அங்கிருந்து இருபதடி தூரத்தில் இருந்தது. குழியின் அடிப்பகுதி, ஆண்டிலேயே நீர்மட்டம் மிக உயர்ந்திருக்கும் காலத்திலும் அந்த மட்டத்துக்கு மேலே குறைந்தது ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டும் என்பதும், கிணற்றுக்கும் குழிக்கும் 30 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பதும் பொதுவான பரிந்துரை. ஆகவே மனை வாங்கியதும் அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி, கோடையில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்பதன்று. கார்த்திகையில் எத்தனை அடி இறங்கினால் தண்ணீர் தொடும் என்பதுதான்.

ஆனால் நான்கு சென்ட் மனையில் 30 மீட்டருக்கு எங்கே போவது? அந்த இடத்தில் ஆழத்தை நம்புவதை விட்டுவிட்டு உயரத்தை நம்ப வேண்டும். மண் கொட்டி மேடாக்கி, அகலமான, ஆழம் குறைந்த குழி எடுப்பது ஒரு வழி. தரைக்கு மேலேயே இரண்டு அறைகள் கட்டி, மலம், சிறுநீர், கழுவிய நீர் மூன்றையும் தனித்தனியே பிரிக்கும் உலர் கழிப்பறை மற்றொரு வழி. டெல்டாவுக்கு மேற்கே காவிரிக் கரையிலுள்ள முசிறியில் இத்தகைய கழிப்பறைகள் பொதுப் பயன்பாட்டுக்கே கட்டப்பட்டன. இதில் ஒவ்வொரு முறையும் சாம்பல் தூவ வேண்டும். பழக்கத்தில் கழுவும் தண்ணீரை மல அறைக்குள் விட்டுவிடுவதுதான் இதைக் கெடுக்கும் தவறு. ஈரம் சேர்ந்தால் நாற்றமும் புழுவும் வரும். அதன் பிறகு குடும்பமே அந்தக் கழிப்பறையை வெறுத்துவிடும்.

இரட்டைக் குழிக் கழிப்பறை வைத்திருப்பவர்களில் பலர், இரண்டு குழிகளும் ஒரே நேரத்தில் நிரம்பும்படி திறந்து விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு இருந்தால் இரு மடங்கு நாள் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. ஒன்று நிரம்பியதும் அதை அடைத்துவிட்டு மற்றொன்றுக்கு மாற்ற வேண்டும். மூடிய குழி ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஓய்ந்து கிடந்தால்தான் உள்ளிருப்பது மக்கி எருவாகும். இரண்டும் ஒன்றாக நிரம்பிவிட்டால் பச்சைக் கழிவை அள்ள ஆள் தேட வேண்டியிருக்கும். மனிதரை இறக்கி அள்ளச் செய்வது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை மறக்கக் கூடாது. நாற்றத்துக்கு அஞ்சி பினாயிலையும் ஆசிட்டையும் தாராளமாக ஊற்றுவதும் கூடாது. அவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களையே கொன்றுவிடும்.

கிணற்றுக்கு வருவோம். தண்ணீர் தெளிவாக இருந்தால் சுத்தமானது என்று நம்புவது நம்மிடம் ஆழ வேரூன்றிய தவறு. பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கலைத் தெளிய வைக்கும் வழக்கம் நல்ல வழக்கம்தான். ஆனால் அது சேற்றைப் படிய வைக்குமே தவிர, கிருமியைக் கொல்லும் என்று நம்ப முடியாது. படிகாரத்துக்கும் இது பொருந்தும். தெளிய வைத்த பிறகு கொதிக்க வைக்க வேண்டும். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். குமிழி வரத் தொடங்கியதும் இறக்குவதுதான் பலரும் செய்வது.

பிளீச்சிங் பவுடர் போடுவதில் இன்னும் அதிகக் குழப்பம் உண்டு. ஒரு கைப்பிடியை அள்ளிக் கிணற்றில் வீசிவிட்டு மறுபடி வாளியை இறக்குவது வீண் வேலை. 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பவுடர் என்பது வழக்கமான அளவு. ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள உறைகிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால், அது ஏறத்தாழ 5300 லிட்டர்; 13 கிராம் போதும். அதை வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, மேலும் நீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட்டு, மேல் தெளிவை மட்டும் வேறு வாளியில் வடித்துக் கிணற்றின் அடிவரை இறக்கி ஆட்ட வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக் கூடாது. குறைந்தது ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரவு கடைசிக் குடம் எடுத்த பிறகு செய்துவிட்டால் காத்திருப்பது தெரியாது. திறந்த பொட்டலத்தில் மழைக்காலம் முழுவதும் கிடந்த பவுடரில் குளோரின் பெரும்பாலும் பறந்திருக்கும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு போதாது. முதலில் இறைத்துத் தூர் அகற்ற வேண்டும்.

அடிபம்பில் தண்ணீர் ஏறாவிட்டால், மேலே ஒரு சொம்பு ஊற்றி அடிப்பது வழக்கம். அந்தச் சொம்புத் தண்ணீர் குட்டையிலிருந்து வந்ததாக இருந்தால், குடிநீர்க் குழாய்க்குள் குட்டையையே ஊற்றியதாகிவிடும். இதற்கென்று மூடிய புட்டியில் நல்ல நீரைத் தனியே வைத்திருப்பது சிறிய காரியம்தான், செய்பவர்கள் குறைவு.

கடலோரத்தில் இருப்பவர்கள், தண்ணீர் உப்புக் கரித்தால் இன்னும் ஆழமாகப் போர் போட நினைக்கிறார்கள். மணற்பாங்கான கரைகளில் மழையால் சேர்ந்த நல்ல நீர், கனமான உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அங்கே ஆழம் போகப் போக உப்பைத்தான் நெருங்குகிறோம். வேகமாக மோட்டார் வைத்து இழுத்தாலும் உப்பு மேலேறும். ஆழமற்ற கிணற்றில் குடம் குடமாக மொண்டு எடுப்பதே அத்தகைய இடத்தில் அறிவான முறை.

சேமிப்பில் ஒரு கணக்கு முதலில் தெரிய வேண்டும். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து, மிகச் சிக்கனமாக வாழ்ந்தாலும் தலைக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் வேண்டும். நால்வர் உள்ள வீட்டுக்கு அது நான்கு பெரிய குடங்கள். தூக்கிச் சலித்து, ஒரே நாளில் அண்டா நிறையப் பிடித்து வாரக்கணக்கில் வைப்பது இங்கிருந்துதான் தொடங்குகிறது. டெங்குவைப் பரப்பும் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். அண்டாவைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டைகள் உட்சுவரில் ஒட்டிக் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் நார் போட்டுத் தேய்த்தே ஆக வேண்டும். குடிநீர்ப் பானையில் கையோடு சொம்பை முக்குவதையும் நிறுத்தி, நீளக் காம்புள்ள அகப்பையால் மொள்ள வேண்டும். இதைச் சொன்னால் விருந்தாளிகள் சிலர் முகம் சுளிப்பார்கள்.

குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் தேங்க விட்டால் வேறொரு கொசு வரும். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு அழுக்கு நீரில் வளர்வது. அந்த நோயின் கொடுமையைக் கும்பகோணம் பகுதியின் பழைய தலைமுறை நன்கு அறியும். வாழைக்கும் கல்வாழைக்கும் பாத்தி கட்டி, நாளுக்கொரு பக்கமாகத் திருப்பி விட்டால் போதும்.

கூடாரம் அடிப்பவர்களுக்கான பொதுவான விதி, நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் குழி தோண்டி மலத்தைப் புதைப்பது. மலைக்காட்டுக்குப் பொருந்தும் இந்த விதியை டெல்டாவில் பின்பற்றுவது கடினம். ஒரு வாய்க்காலிலிருந்து 60 மீட்டர் நடந்தால் அடுத்த வாய்க்கால் வந்துவிடும், இடையில் இருப்பது யாருடைய வயலோ. சேற்று வயலில் வெறுங்காலோடு நடவு நடுபவர்களுக்குக் கொக்கிப்புழு ஏறுவது இப்படிப் புதைத்தவற்றாலும் போட்டவற்றாலும்தான். இறுக்கமான மூடியுள்ள வாளியில் உமியோ நார்த்தூளோ போட்டு, ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு கைப்பிடி தூவி, முறையான கழிப்பறையில் கொண்டுபோய்க் கொட்டுவதே இங்கே சரி. நெல் அரவை ஆலைகள் நிறைந்த ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை.

கொள்ளிட மணலில் கோடையில் ஊற்றுத் தோண்டினால் முதலில் கலங்கலாகவும், இறைக்க இறைக்கக் கண்ணாடி போலவும் தண்ணீர் வரும். அதையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். அந்த மணல் திட்டிலேயே இரவு தங்குவதுதான் உயிரைப் பணயம் வைக்கும் தவறு. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பதை மரபாகக் கொண்டிருந்தாலும், எல்லா ஆண்டும் அந்த நாளில் திறப்பதில்லை. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் உபரி நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடும்போது, உள்ளூரில் ஒரு துளி மழை இல்லாத இரவிலும் ஆறு ஏறும். பகலில் மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடலாம். கூடாரம், குடிநீர்க் குடம், மூடிய வாளி ஆகிய மூன்றும் பொழுது சாயுமுன் கரைக்கு மேலே, வாளியும் குடமும் எதிரெதிர் மூலைகளில் இருக்கும்படி, போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.