அகாபே, ஃபிலேயோ: யோவான் 21ஐ வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திபேரியா கடற்கரையில் இயேசு பேதுருவிடம் ‘நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா’ என்று மூன்று முறை கேட்ட கேள்வியை விளக்கும் பிரசங்கங்களில் ஒரு விளக்கம் நிலைத்துவிட்டது. முதல் இரண்டு முறையும் இயேசு ‘அகாபே’ என்னும் தெய்வீக அன்பைக் கேட்டார். பேதுருவுக்கோ ‘ஃபிலேயோ’ என்னும் நட்பன்பைத்தான் தர முடிந்தது. ஆகவே மூன்றாம் முறை ஆண்டவரே அவருடைய நிலைக்கு இறங்கி வந்தார் என்பார்கள். வினைச்சொற்கள் மாறுவது உண்மையே. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பான நம் பழைய திருப்புதலும் ‘அன்பாயிருக்கிறாயா’, ‘நேசிக்கிறேன்’ என்று அந்த மாற்றத்தைக் காட்டுகிறது. ஆனால் அந்த மாற்றத்தின் மேல் ஏற்றப்படும் பாரத்தை அது தாங்குமா என்பதே கேள்வி.

அகாபே என்ற சொல்லுக்குள்ளேயே தெய்வீகம் குடியிருப்பதாக எண்ணுவதுதான் இதில் அடிப்படைத் தவறு. பவுலைக் கைவிட்டுத் தெசலோனிக்கேவுக்குப் போன தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ‘ஆசைவைத்து’ப் போனான் என்று 2 தீமோத்தேயு 4:10இல் வாசிக்கிறோம், கிரேக்கத்தில் அங்கே நிற்பது அகாபேயின் வினைவடிவமான அகபாவோ. மனிதர் ஒளியைவிட இருளை விரும்பியதும் (யோவான் 3:19), பரிசேயர் ஜெப ஆலயத்தில் முதன்மையான ஆசனங்களை விரும்பியதும் (லூக்கா 11:43) இதே வினைதான். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தோ, தாமாரைக் கெடுத்த அம்னோனின் மோகத்தைக்கூட அகாபே என்றே சொல்கிறது (2 சாமுவேல் 13:15). ஒரு சொல் வரும் வசனங்களையெல்லாம் தொகுத்துத் தரும் தமிழ் ஒத்தவாக்கிய அகராதியில் ‘அன்பு’ என்று மட்டும் தேடுகிறவருக்கு இவற்றில் பல கண்ணிலேயே படா. இந்தத் தவறு நம்மிடையே நீடிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 1 கொரிந்தியர் 13இல் அன்பு அத்தனை உயரத்தில் நிற்கிறதென்றால், அந்த உயரத்தைக் கொடுப்பவை பவுல் அங்கே எழுதிய வாக்கியங்கள்.

அடுத்த தவறு, யோவான் எழுதும் விதத்தைக் கவனியாமல் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வது. பிதா குமாரனை நேசிப்பதை 3:35இல் அகபாவோ என்றும் 5:20இல் ஃபிலேயோ என்றும் அவர் எழுதுகிறார்; பிதாவின் அன்பு இடையில் தாழ்ந்துவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார்கள். 21ஆம் அதிகாரத்திலேயே மீனுக்கு இரண்டு சொற்கள், அறிவதற்கு இரண்டு, ஆடுகளை மேய்ப்பதற்கும் இரண்டு வருகின்றன. பழைய திருப்புதல் அன்பின் இரு வினைகளைப் பிரித்துக் காட்டிவிட்டு, மேய்ப்பதன் இரு வினைகளையும் ‘மேய்ப்பாயாக’ என்ற ஒன்றிலேயே அடக்கிவிட்டது. அதனால் தமிழில் வாசிப்பவருக்கு ஒரு மாற்றம் மட்டும் தனித்துத் தெரிந்து, அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடுகிறது.

இரு வினைகளுக்கும் வேறுபாடு உண்டு என்று வாதிட்ட பேரறிஞர்களும் இல்லாமலில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டு வேத அறிஞர்களில் வெஸ்ட்காட் அகபாவோவை உயர்ந்த அன்பாகக் கொண்டார். ட்ரெஞ்சோ அதைப் பேதுருவின் காதுக்குக் குளிர்ந்து ஒலித்த சொல்லாகவும், ஃபிலேயோவையே நெருக்கமான சொல்லாகவும் கொண்டார். ஒரே வசனத்தில் நேரெதிரான இரண்டு முடிவுகள்!

பேதுரு ‘ஆம் ஆண்டவரே’ என்றுதான் பதிலைத் தொடங்குகிறார் என்பதையும் பிரசங்கங்களில் கேட்கும் அந்த விளக்கம் தாண்டிச் சென்றுவிடுகிறது. கேட்டதைவிடக் குறைவாகத் தருகிறவர் ‘ஆம்’ என்று தொடங்குவாரா? அவர் துக்கப்பட்டதற்கு வசனம் சொல்லும் காரணம், இயேசு ‘மூன்றாந்தரம்’ கேட்டார் என்பது. பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்த கரிநெருப்பைக் குறிக்கும் ‘அந்த்ரகியா’ என்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது: இயேசுவை அறியேன் என்று பேதுரு மறுதலித்ததைச் சொல்லும் பகுதியான யோவான் 18:18இலும், இந்தக் கரையில் மீன் வைக்கப்பட்டிருந்த 21:9இலும். கிரேக்கத்தைத் துணைக்கு அழைப்பவர் இந்த அதிகாரத்தில் முதலில் சுட்டிக்காட்ட வேண்டியது இந்தச் சொல்லைத்தான். மூன்று மறுதலிப்புக்கு எதிரே மூன்று கேள்விகளை யோவான் நிறுத்தியிருப்பது அங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது.