625001 பகா எண்ணா? பெரிய எண்களில் சறுக்கும் இடங்கள்

மதுரைத் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 625001. ஒற்றைப்படை எண், 1-ல் முடிகிறது. 3, 5, 7, 11 எதாலும் வகுபடவில்லை. இவ்வளவு பார்த்ததும் 'பகா எண்' என்று எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர். இன்னும் ஒரு படி போயிருந்தால் போதும்: 13 × 48077 = 625001.

பகா எண் என்று சொல்ல வேண்டுமானால், வர்க்கமூலம் வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தாக வேண்டும். 790-ன் வர்க்கம் 624100, 791-ன் வர்க்கம் 625681. ஆக இங்கே எல்லை 790. ஆனால் 13 கிடைத்த பிறகும் 790 வரை போவது வீண் வேலை. இனி வகுக்க வேண்டியது 48077-ஐ. அதற்கு எல்லை 219 மட்டுமே. 13-ஐயே மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு (மீதி 3) மேலே போனால், 131-ல் மாட்டும்: 48077 = 131 × 367. இதற்குமேல் 367-ஐத் துருவ வேண்டாம். 131-க்குக் கீழே உள்ளவை ஏற்கெனவே தோற்றுவிட்டன, 131-ன் வர்க்கமோ 367-ஐவிடப் பெரியது. எனவே 625001 = 13 × 131 × 367.

நம்மூரில் அதிகம் நடக்கும் தவறு கமாவில்தான். 1001 = 7 × 11 × 13 என்பதால், எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்கலாம். 1 − 625 = −624; 624 = 13 × 48. 7-ம் 11-ம் இல்லை, 13 உண்டு. இதையே லட்சக் கமா போட்டு 6,25,001 என்று எழுதி, கமா உள்ள இடத்தில் பிரித்தால் 1 − 25 + 6 = −18. 13 கைநழுவிப் போகும்.

11-க்கான இலக்கச் சோதனையையும் வலமிருந்தே தொடங்குங்கள். 1−0+0−5+2−6 = −8, அதோடு 11 கூட்டினால் மீதி 3. இடமிருந்து போட்டால் 8 வரும். வகுபடுமா என்று மட்டும் கேட்டால் எந்தப் பக்கமும் சரி. மீதி கேட்டால் தப்பாகிவிடும்.

காரணிகளின் எண்ணிக்கைக்கு மதுரை அண்ணா நகர் பின்கோடு நல்ல உதாரணம். 625020 = 2² × 3 × 5 × 11 × 947. அடுக்கு ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 3×2×2×2×2 = 48. இரண்டு 2-களையும் தனித்தனியாக எண்ணினால் 64 வரும், ஒன்றாக எண்ணினால் 32, இரண்டும் தவறு.

இலக்கம் கூடும்போது கருவியும் காலை வாரும். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்க எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். அப்புறம் எந்த எண்ணும் 10-ஆல் வகுபடத்தானே செய்யும்! பைத்தான் என்ற நிரல்மொழியில் முழு எண்ணுக்கு இந்த வரம்பு இல்லை, ஆனால் '/' போட்டால் விடை தசமமாக மாறித் துல்லியம் போய்விடும். ஈவுக்கு '//', மீதிக்கு '%' போடுங்கள்.