மருந்துக்கடையில் 30 நொடி இசிஜி: பார்மசி மாணவர்களுக்கு

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பலருக்கு எந்தத் தொந்தரவும் தராமலே இருக்கும். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் படபடக்க, அங்கே தேங்கும் ரத்தம் உறையக்கூடும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மாதாமாதம் மாத்திரை வாங்க வரும் பெரியவரிடம் இதை முன்பே பிடித்துவிடலாம். சிட்னியின் 10 மருந்துக்கடைகளில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 1,000 பேரைச் சோதித்து 2014இல் வெளியான ஆய்வில், 1.5% பேருக்கு இது புதிதாகத் தெரியவந்தது. ஆஸ்திரேலியாவின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இந்த வயதினருக்கு நாடியோ இசிஜியோ பார்க்கச் சொல்கிறது.

சம்மதம் கேட்கும்போதே பேஸ்மேக்கர் இருக்கிறதா, ஏற்கெனவே ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரினோ அபிக்சபானோ சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் இந்த விரல் இசிஜி கருவி வேண்டாம். ஐந்து நிமிடம் உட்காரவைத்துவிட்டு, கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து நாடி பாருங்கள். உங்கள் கட்டைவிரலை வைத்தால் உங்கள் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குவது இங்கே உதவாது. முழு 60 நொடியும் எண்ணுங்கள். எப்போதாவது ஒரு துடிப்பு தவறி மறுபடி சீராவது வேறு; எந்த ஒழுங்குக்கும் அடங்காமல் துடிப்பது வேறு.

அடுத்தது, விரல் வைத்தால் போன் செயலியில் துடிப்பைக் கோடாகப் பதியும் இசிஜி கருவி. பதிவு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். முதியவர்களின் விரல் காய்ந்திருக்கும். சானிடைசரோ கொஞ்சம் தண்ணீரோ தடவுங்கள். பயத்தில் கருவியை இறுக்கிப் பிடிப்பார்கள், உடனே தசைநடுக்கம் கோடெங்கும் ரம்பப் பல்லாக விழும். முன்கைகள் இரண்டையும் மேசையில் கிடத்தி, "சும்மா தொட்டால் போதும்" என்று சொல்லுங்கள். 30 நொடி பேச்சு வேண்டாம். சார்ஜரில் போட்ட போனும் குறுக்கிடும், கழற்றிவிடுங்கள். கோடு தலைகீழாக வந்தால் கருவியைத் திருப்பிப் பிடித்திருக்கலாம்.

செயலி சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். உயர்ந்த முனைகளுக்கு இடையிலான தூரத்தைத் தாள் விளிம்பில் குறித்து நகர்த்திப் பாருங்கள். தூரம் மாறிக்கொண்டே இருந்து, முனைக்கு முன் வரும் சிறு மேடான பி அலையும் காணாவிட்டால் சந்தேகப்பட வேண்டும். பதிவு அழுக்காக இருந்தால் பி அலை மறைந்துபோகும். இன்னொரு முறை எடுங்கள். பிறகு மருந்தாளுநரிடம் காட்டுங்கள்.

"உங்களுக்கு இதய நோய்" என்ற வார்த்தை உங்கள் வாயில் வரக்கூடாது. "துடிப்பு சீராக இல்லாத மாதிரி தெரிகிறது, டாக்டர் முழு இசிஜி (12 லீட்) எடுத்துப் பார்க்கட்டும்" என்பது போதும். ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளச் சொல்லாதீர்கள்; இந்த உறைவை அது சரியாகத் தடுக்காது, ரத்தக்கசிவுக்கு வழிவிடும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், வாய்கோணல், பேச்சுக்குழறல் இருந்தால் உடனே ஆஸ்திரேலியாவின் அவசர எண் 000. மற்றவர்களிடம் பதிவின் அச்சு, தேதி, துடிப்பு எண்ணிக்கை, மருந்துப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே உறையில் கொடுங்கள். ஒரு வாரத்தில் போன் செய்து டாக்டரைப் பார்த்தாரா என்று விசாரியுங்கள். பலர் உறையை மேசை டிராயரில் போட்டு மறந்துவிடுகிறார்கள்.