போரில் மாண்ட கனடியப் படைவீரரின் வரலாற்றைத் திரட்டுவது எப்படி?

முதல் உலகப் போரில் உயிர்நீத்த கனடியப் படைவீரர் ஒருவரின் வாழ்வை எழுத முற்படுவோர், பெயரைவிட அவருடைய படை எண்ணையே முதலில் தேடிப் பிடிக்க வேண்டும். ஜார்ஜ் பிரைஸ் என்று தேடினால் வேறு பிரைஸ்களும் வந்து நிற்பார்கள். 256265 என்று தேடினால், 1918 நவம்பர் 11 அன்று போர்நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் பெல்ஜியத்தின் வில்-சூர்-என் கிராமத்தில் சுடப்பட்டு இறந்த ஜார்ஜ் லாரன்ஸ் பிரைஸ் கிடைப்பார். எண் தெரியாதவர்கள், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டிலோ கனடாவின் மெய்நிகர் போர் நினைவகத்திலோ பெயரையும் இறந்த நாளையும் கொண்டு அதைக் கண்டறியலாம்.

அடுத்தது பணிக் கோப்பு. கனடிய நூலக ஆவணக் காப்பகம் அப்போரில் பணியாற்றிய 6,22,000-க்கும் மேற்பட்டோரின் கோப்புகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தன்னார்வலராகச் சேர்ந்தவரின் சேர்க்கைப் படிவத்தில் தொழில், நெருங்கிய உறவினர், உயரம், மார்பளவு, கண்ணின் நிறம்வரை இருக்கும். பிரைஸைப் போல 1917ஆம் ஆண்டுக் கட்டாயச் சேவைச் சட்டத்தின்கீழ் அழைக்கப்பட்டவர்களுக்கு வேறு படிவம். வயதை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. படையில் சேரும் ஆசையில் கூட்டியும் குறைத்தும் சொன்னவர்கள் பலர் என்பதால், அதைப் பிறப்புப் பதிவுடனும் மக்கள்தொகைக் கணக்குடனும் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

கோப்பில் எனக்கு மிகவும் பயன்படுவது, 'கேஷுவல்டி ஃபார்ம்' என்ற தாள். பெயரைப் பார்த்துக் காயங்களின் பட்டியல் என்று எண்ணிப் பலர் கடந்துவிடுகிறார்கள்; உண்மையில் இடமாற்றம், விடுப்பு, மருத்துவமனை, தண்டனை எல்லாம் நாள்வாரியாக அதில்தான் பதிவாகும். 'டி.ஓ.எஸ்.' என்றால் அப்பிரிவின் கணக்கில் சேர்க்கப்பட்டார், 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் நீக்கப்பட்டார் என்று பொருள். இந்த இரண்டு தேதிகளையும் குறித்துக்கொண்ட பிறகே, அவருடைய பட்டாலியன் (படைப்பிரிவு) நாள்தோறும் எழுதிவைத்த போர் நாட்குறிப்பைத் திறக்க வேண்டும். பிரைஸின் 28ஆம் பட்டாலியன் 1915இலேயே போர்முனைக்குச் சென்றுவிட்டது. அவரோ 1917 அக்டோபரில்தான் படைக்கு அழைக்கப்பட்டார். ஆகவே 1917 ஏப்ரலில் பிரான்சில் நடந்த விமி முகட்டுச் சண்டையை அவர் கணக்கில் எழுத முடியாது. படைப்பிரிவு கண்ட களமெல்லாம் வீரரும் கண்ட களமென்று எழுதிவிடுவதுதான் இவ்வகைக் கட்டுரைகளில் நான் மிகுதியாகக் காணும் பிழை.

கல்லறையைக் கடைசியில் பாருங்கள். பிரைஸ் மோன்ஸ் நகருக்கு அருகே சான் சிம்போரியன் மயானத்தில் இருக்கிறார். பிரான்சில் மாண்டு, கல்லறை அறியப்படாத 11,285 கனடியர்களின் பெயர்கள் விமி நினைவுச் சின்னத்தில் உள்ளன. கல்லறைக் கல்லின் அடிப்பகுதியில் வாசகம் ஏதும் இருந்தால் பிசகாமல் படியெடுங்கள்: 66 எழுத்துகளுக்குள் அதை எழுதியனுப்பியது அவர் குடும்பம்.