துருக்கி நோயாளிகளுக்காக விழுங்குதல் வினாப்பட்டியலைத் தழுவுவது எப்படி? படிப்படியாக

துருக்கியில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வருவது தேநீர். இடை ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளையில், பால் இல்லாமல், சுடச்சுட. பக்கவாதத்துக்குப் பிறகு தண்ணீர் போல இருக்கிற எதைக் குடித்தாலும் புரையேறுகிற ஒருவர் அந்தக் குவளையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? இரண்டு முறை ஏதாவது சாக்கு சொல்வார். மூன்றாவது முறை அந்த வீட்டுக்குப் போகவே மாட்டார். விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவில் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தாலும் இந்த இழப்பு அதில் பதியாது. அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

அப்படிக் கேட்பதற்கென்றே உள்ளது ஸ்வால்-கியூஓஎல் (SWAL-QOL) என்ற வினாப்பட்டியல். விழுங்கும் சிரமம் வாழ்க்கைத்தரத்தை எப்படிப் பாதிக்கிறது என்று நோயாளியிடமே கேட்பது அது. அமெரிக்காவில் மெக்ஹார்னி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது, 2000-க்குப் பிந்தைய ஓரிரு ஆண்டுகளில் முழு வடிவம் பெற்றது. மொத்தம் 44 கேள்விகள். அதில் 14 அறிகுறிகள் பற்றியவை. மீதி 30-ம் சாப்பிட ஆகும் நேரம், பசி, உணவைத் தேர்ந்தெடுப்பது, பயம், மனநிலை, சமூக வாழ்க்கை, பேச்சு, தூக்கம், களைப்பு என்றெல்லாம் பரவுகின்றன. இதைத் துருக்கி மொழி பேசும் நரம்பியல் நோயாளிகளுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்றால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதை இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: தேடுங்கள், அனுமதி வாங்குங்கள்

ஏற்கெனவே துருக்கி வடிவம் உள்ள கருவிகள் எவை என்று முதலில் பட்டியல் போடுங்கள். உதாரணமாக, ஈட்-10 என்ற பத்துக் கேள்விக் கருவியின் துருக்கி வடிவம் 2016-ல் வெளியானது. அது அறிகுறிகளைச் சட்டென்று சல்லடை போட உதவும், வாழ்க்கைத்தரத்தை இவ்வளவு விரிவாகக் கேட்காது. ஆனால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு அது தேவைப்படும். மூலக் கருவியின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இரண்டும் கைக்கு வந்த பிறகே அடுத்த வேலை.

படி 2: இரண்டு பேர், தனித்தனியாக

துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும். ஒருவர் துறை தெரிந்தவர், மற்றவர் மருத்துவத்தோடு சம்பந்தமே இல்லாதவர். இரண்டாமவரை வெறும் சம்பிரதாயத்துக்கு என்று நினைக்காதீர்கள். 'நிமோனியா வந்துவிடுமோ என்று கவலைப்படுகிறேன்' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. மருத்துவர் 'ப்னோமோனி' என்று எழுதிவிடுவார். கிராமத்துப் பாட்டிக்கு அந்த நோயின் பெயர் 'ஸாதுர்ரே'. அதைக் கொண்டுவருவது பெரும்பாலும் அந்த வெளியாள்தான்.

'போஆஸ்' என்ற சொல்லையும் பாருங்கள். தொண்டை என்று பொருள். இஸ்தான்புல்லின் நடுவே ஓடும் நீரிணைக்கும் அதுதான் பெயர். சாப்பாட்டுப் பிரியரைச் சொல்லும் மரபுத்தொடரிலும் அதே சொல் வருகிறது. 'போஉல்மாக்' என்றால் மூச்சுத் திணறுவது, நீரில் மூழ்கிச் சாவதும் அதே வினைச்சொல்தான். 'சாப்பிடும்போது மூச்சு அடைத்துக்கொள்கிறதா' என்ற கேள்வியில் அதைப் போட்டால் சிலர் உயிர் போகிற அளவுக்கு நடந்ததை மட்டும் கணக்கில் எடுத்து 'இல்லை' என்பார்கள். நமக்குப் 'புரையேறுவது' என்று கைவசம் ஒரு சொல் இருக்கிறது. அவர்கள் 'தொண்டைக்குள் ஓடிப்போயிற்று' என்ற பொருளில் ஒரு தொடர் சொல்வார்கள். எந்தக் கேள்விக்கு எது பொருந்தும் என்று இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி, ஒரே வடிவமாக்க வேண்டும். விட்டுக்கொடுத்த சொற்களையும் அதற்கான காரணத்தையும் எழுதி வையுங்கள்.

படி 3: திரும்ப ஆங்கிலத்துக்கு

மூலத்தைப் பார்த்தே இராத, ஆங்கிலம் தாய்மொழியான இருவர் துருக்கி வடிவத்தை ஆங்கிலத்துக்குத் திருப்புவார்கள். பெரிய பிழைகள் இதில் சிக்கும். அவ்வளவுதான் இதன் பயன். திரும்பி வந்தது மூலத்தோடு அச்சாக ஒத்துப்போனால் சந்தோஷப்பட வேண்டாம், சொல்லுக்குச் சொல் பெயர்த்ததற்கும் அது அடையாளமாக இருக்கலாம்.

படி 4: குழுவாக உட்காருங்கள்

மொழிபெயர்ப்பாளர்கள், நரம்பியல் மருத்துவர், விழுங்குதல் சிகிச்சையாளர், மொழி அறிஞர், ஆய்வுமுறை தெரிந்தவர் எல்லோரும் ஒரே மேசையில். பொருள், மரபுத்தொடர், அனுபவம், கருத்து என்ற நான்கிலும் சமமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். அதிகம் சண்டை வருவது அனுபவத்தில்தான். 'விழுங்கும் பிரச்சினையால் வெளியே சாப்பிடப் போவதில்லை' என்ற வாக்கியம் உணவகத்தை மனதில் வைத்தது. அனத்தோலியக் கிராமம் ஒன்றில் இருக்கும் எழுபது வயதுப் பெண் நன்றாக இருந்தபோதும் உணவகத்துக்குப் போயிருக்க மாட்டார். அவருடைய இழப்பு பக்கத்து வீட்டு விருந்து. 'வீட்டுக்கு வெளியே சாப்பிடுவது' என்று மாற்றினால் இரண்டும் அடங்கிவிடும், மூலத்திலிருந்து விலகியதாகவும் ஆகாது.

விடைகளின் வரிசையையும் விடாதீர்கள். 'சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்' என்ற வாக்கியத்துக்கு 'கொஞ்சமும் உண்மையில்லை' என்று குறிக்க வேண்டியிருந்தால் களைத்துப்போன நோயாளி குழம்பிவிடுவார். வாக்கியத்தை எளிமையாக்குங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். மரியாதைப் பன்மையான 'ஸிஸ்' வடிவத்தில்தான் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

படி 5: நோயாளியின் பக்கத்தில் உட்காருங்கள்

முப்பது நாற்பது பேரிடம் முன்சோதனை செய்வது வழக்கம். என் கணக்கில் மொத்த வேலையின் உயிரே இங்கேதான். பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். 'இந்தக் கேள்வி உங்களுக்கு என்னவென்று புரிந்தது? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள்.

நோயைப் பொறுத்து நேரம் பாருங்கள். பார்க்கின்சன் நோயாளி மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் ஒரு ஆள், அதன் வீரியம் தீர்ந்த நேரத்தில் வேறு ஆள். மயஸ்தீனியா கிராவிஸ் (தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் நோய்) உள்ளவர் காலையில் நன்றாக விழுங்குவார், சாயங்காலம் தாடை ஓய்ந்துவிடும். பிறர் பேசுவது புரியாத அளவுக்கு அஃபேசியா (மூளைப் பாதிப்பால் வரும் மொழிக் குறைபாடு) உள்ளவரிடம் இந்தக் கருவியை நீட்டக்கூடாது.

கூட வந்த மகள் முந்திக்கொண்டு பதில் சொல்வார். அப்போது வினைமுற்றைக் கவனியுங்கள். துருக்கி மொழியில் கண்ணால் பார்த்ததற்கு ஒரு விகுதி, கேள்விப்பட்டதற்கு வேறு விகுதி. நம்முடைய 'இருமினார்', 'இருமினாராம்' மாதிரி. மகள் இரண்டாவது விகுதியில் பேசினால் அவர் அந்தச் சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அந்தப் பதிலை எடுத்துக்கொள்ளாமல் நோயாளியிடமே திரும்பிக் கேளுங்கள்.

ரமலானையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியல் கேட்பது கடந்த ஒரு மாத நிலவரத்தை. அந்த மாதத்தில் வீட்டின் சாப்பாட்டு நேரம், பசி, விடியலுக்கு முன் எழுவதால் தூக்கம் எல்லாமே மாறியிருக்கும்.

படி 6: எண்கள்

ஒரு கேள்விக்கு ஐந்து பேர் என்று வைத்தாலே 44-க்கு 220 பேர் வேண்டும். ஒரு பகுதியின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன (உள் ஒத்திசைவு) என்பதைக் காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.70-க்கு மேல் இருந்தால் சரி என்பார்கள். ஆனால் இரண்டே கேள்விகள் கொண்ட பகுதிகள் பல இருக்கின்றன, அவற்றில் இந்த எண்ணை அதிகம் நம்ப முடியாது. அதே ஆளிடம் மறுபடி கேட்டுப் பார்க்கும் மறுசோதனைக்கு இரண்டு வார இடைவெளி வழக்கம். பக்கவாதம் வந்து பத்தே நாளானவரை அதில் சேர்த்தால், இரண்டு வாரத்தில் அவரே தேறியிருப்பார், பழியோ கருவியின் மேல் விழும். நிலை மாறாதவர்களை மட்டும் எடுங்கள்.

பிறகு ஈட்-10 உடன் ஒப்பிடுங்கள். புதியவர்கள் இங்கே பயந்துபோவார்கள், ஏனென்றால் தொடர்பு எதிர்மறையாக வரும். அது பிழை இல்லை. ஈட்-10-ல் எண் கூடினால் நிலை மோசம், இங்கே எண் கூடினால் நிலை நல்லது. தூக்கம், களைப்பு, பேச்சு ஆகிய பகுதிகள் மற்றவற்றோடு சரியாக ஒட்டாமல் நிற்கலாம். பார்க்கின்சன் நோயே தூக்கத்தைக் கெடுக்கும், பக்கவாதமே பேச்சைக் குழறவைக்கும். விழுங்குவதோடு அதற்கு நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்று இல்லை. இதை ஆய்வு தொடங்கும் முன்பே எதிர்பார்ப்பாக எழுதி வையுங்கள்.

படி 7: மதிப்பெண்ணும் கையேடும்

விடைகள் 1 முதல் 5 வரை, 5 தான் நல்ல நிலை. 1-க்கு 0, 2-க்கு 25, 3-க்கு 50, 4-க்கு 75, 5-க்கு 100. ஒரு பகுதியில் உள்ளவற்றின் சராசரியே அந்தப் பகுதியின் மதிப்பெண். சாப்பிடும் நேரம் பற்றிய இரண்டு கேள்விகளுக்கு ஒருவர் 2-ம் 3-ம் குறித்தால் 25, 50, சராசரி 37.5.

அப்புறம் கையேட்டின் முதல் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். நரம்பியல் நோயாளிகளில் சிலருக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராது. அவர் 'இருமல்' என்ற கேள்விக்கு உண்மையாகவே 5 குறிப்பார், பட்டியலும் நன்றாக இருக்கிறார் என்றே காட்டும். மதிப்பெண் 100 வந்திருந்தாலும் சந்தேகம் இருந்தால் வீடியோ பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று அங்கே தடித்த எழுத்தில் அச்சிடுங்கள்.