திமிங்கல அலர்ட் வந்ததும் விக்காதீங்க

திமிங்கலம்னு சொல்ற பெரிய கை யாரோ ஆயிரக்கணக்குல பிட்காயின் நகர்த்திட்டாங்கன்னு அலர்ட் வந்தா உடனே செல் பட்டனை அமுக்காம, அது எங்க போச்சுன்னு, காயின் எந்த வாலெட்டுக்குப் போச்சுன்னு காட்டுற எக்ஸ்ப்ளோரர் வெப்சைட்ல பாத்துட்டு மறுநாள் முடிவெடுங்க. நகர்த்துறது வேற, விக்கிறது வேற. 2024 மே மாசம், திவாலான பழைய கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் மவுண்ட் காக்ஸ் சுமார் 1,40,000 பிட்காயினை வேற வாலெட்டுக்கு மாத்துனப்ப எல்லாரும் பதறுனாங்க, ஆனா அது பணம் மாட்டிக்கிட்டவங்களுக்குத் திருப்பித் தர்ற ஏற்பாடு, அன்னைக்கு மார்க்கெட்ல விக்கல. பதறி வித்தா நம்ம நாட்டுல 1% டிடிஎஸ் வேற பிடிப்பாங்க, லாபத்துக்கு 30% வரி, நஷ்டத்தை இன்னொரு காயின் லாபத்துல கழிக்கவும் முடியாது.

நாலஞ்சு வாலெட்லயே பாதி சப்ளை கிடக்குற சின்ன டோக்கனுக்கும், லெவரேஜ் (கடன் வாங்கி) போட்ட ஃபியூச்சர்ஸுக்கும் இப்படி மறுநாள் வரைக்கும் காத்திருக்குறது செட் ஆகாது. 2022 நவம்பர்ல எஃப்டிஎக்ஸ் மாதிரி எக்ஸ்சேஞ்சே ஆட்டம் கண்டா ஒரு நாள்லாம் காத்திருக்காதீங்க, காயினை உடனே சொந்த வாலெட்டுக்கு மாத்திடுங்க.