பெருமாள்மலை போறீங்களா? இறங்குறத முதல்ல யோசிங்க

கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலை உச்சிக்கு போறவங்க எல்லாரும் ஏறுறத பத்தியேதான் கேக்குறாங்க, ஆனா முட்டிய பதம் பாக்குறது இறக்கம்தான். கடைசி ஏத்தம் நல்ல செங்குத்து, புல்லு ஈரமா இருந்தா வழுக்கும், அதனால இறங்கும்போது நேரா கால வைக்காம பக்கவாட்டா திரும்பி சின்ன சின்ன அடியா வைங்க. ஒண்ணு கண்டிப்பா செய்ங்க, உச்சியிலயே உக்காந்து ஷூ கயிற அவுத்து, குதிகால தரையில ரெண்டு தட்டு தட்டி பின்னால ஒட்ட வச்சுட்டு, கணுக்கால்கிட்ட நல்லா இறுக்கி கட்டுங்க, விரல் முன்னாடி போய் இடிக்காது. இது தெரியாம இறங்கி எனக்கு பெருவிரல் நகமே கருத்துப்போச்சு, ரெண்டு மாசம் ஆச்சு சரியாக.

மதியத்துக்கு மேல மஞ்சு மூடிடுச்சுன்னா பத்தடி முன்னால போறவர்கூட தெரியமாட்டார், விடியக்காலையிலயே கிளம்புங்க, 12 மணிக்குள்ள உச்சி வரலைன்னா தயங்காம திரும்பிடுங்க. வனத்துறை அனுமதியும் வழி தெரிஞ்ச உள்ளூர் அண்ணன் ஒருத்தரும் இல்லாம போகவே வேணாம். வத்தலக்குண்டுலேருந்து கொடைக்கானல் வர்ற பஸ், மலையடியில இருக்குற பெருமாள்மலை ஊர் வழியாத்தான் போகும். தண்ணிக்கு எவர்சில்வர் பாட்டில், ஏன்னா 5 லிட்டருக்கு கம்மியான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அங்க தடை. சொந்த வண்டின்னா இ-பாஸ் மறந்துடாதீங்க, 2024 மே மாசத்துலேருந்து கேக்குறாங்க.